காரையில் பொறுக்கிய 40 பெலம்னைட்டும் ஒரு கேள்வியும்

நிலவியல் முதுகலை முதலாண்டு. முதல் களப்பயணம் பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு. ஊரைத் தாண்டியதும் புல்பூண்டு இல்லாத களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஓடைகள், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் கீற்றுகள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடிச் சேறு என்று வகுப்பில் படித்திருந்தேன். படித்ததைக் காலால் மிதிக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

முதல் அசட்டுத்தனம் அந்த வெள்ளைக் கீற்றில்தான். ஜிப்சம் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு, "கடல் வற்றி உப்பு படிஞ்சிருக்கு மேடம்" என்றேன். ஜிப்சம் என்றால் வற்றிய கடல், பாடத்தில் அப்படித்தானே வரும். மேடம் பதில் சொல்லவில்லை. என்னை ஒரு வெட்டுமுகத்தின் முன்னால் நிறுத்தி, "கீத்து எப்படிப் போகுது, அடுக்கு எப்படிப் போகுது, பாரு" என்றார். களிமண் அடுக்குகள் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து போயின. ஜிப்சம் அவற்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. கடல் படியவைத்திருந்தால் அடுக்கோடு அடுக்காக அல்லவா இருக்க வேண்டும்? இது பிற்பாடு, சேறு இறுகி வெடித்த பிறகு, விரிசல்களில் வளர்ந்தது. களிமண்ணில் இருந்த பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) ஆக்சிஜன் பட்டு அமிலமாகி, அது சிப்பிகளின் சுண்ணாம்போடு வினைபுரிந்தாலே ஜிப்சம் கிடைத்துவிடும். வற்றிய கடல் ஒன்றை நான் அரை நிமிடத்தில் உருவாக்கியிருந்தேன். அதை அழிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆனது.

அவமானத்தை ஈடுகட்ட பெலம்னைட் பொறுக்க ஆரம்பித்தேன். பார்க்காதவர்களுக்கு: கணவாய் மீனின் தூரத்து உறவு. உடல் அழுகிப்போய், உள்ளே இருந்த தோட்டா வடிவச் சுண்ணாம்புத் தண்டு மட்டும் மிஞ்சும். தேன் நிறம். மழை கழுவிவிட்ட சரிவில் கண்ணை ஓட்டினாலே கிடைக்கும். மதியத்துக்குள் துணிப்பையில் 40. பெருமையாகக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மேடம் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதோட கூர்முனை எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? எடுத்தேன், போட்டேன்.

"எந்த அடுக்குல இருந்துச்சு?"

அதுவும் தெரியாது. சரிவில் உருண்டு கிடந்தது.

கோபமெல்லாம் இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: நீரோட்டம் உள்ள தரையில் இந்தத் தண்டுகள் ஒரே திசை பார்த்துப் படுக்கும். ஓட்டம் இல்லாத தரையில் சிதறிய தீக்குச்சி மாதிரி கிடக்கும். இரட்டைச் சிப்பியின் ஓடுகள் பிரிந்து, குமிழ்ப் பக்கம் மேலே பார்த்து வரிசையாகக் கிடந்தால் அலையோ ஓட்டமோ அவற்றைப் புரட்டிப் போட்டிருக்கிறது. இரண்டு ஓடும் மூடியபடி கிடந்தால் செத்ததும் சேறு மூடியிருக்கிறது. அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்) ஓட்டின் இரண்டு பக்கமும் வேறு சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தால், அந்த ஓடு மிதந்துகொண்டோ புரண்டுகொண்டோ நாளைக் கழித்திருக்கிறது. "கல்லு பாதிதான்ப்பா. அது கிடந்த கிடை மீதி. நீ பாதியைத்தான் பையில போட்டிருக்கே."

மறுநாள் திசைகாட்டியோடு அதே இடத்துக்குப் போனேன். சரிவில் உதிர்ந்தது எதையும் தொடவில்லை, அடுக்கில் பதிந்தபடியே இருந்தவற்றை மட்டும் அளந்தேன். வெயில் சாயும்வரை தேடி 23 கிடைத்தன. தெளிவான திசை எதுவும் வரவில்லை. 23-ஐ வைத்துக்கொண்டு ஒரு கடலைப் பற்றிப் பேசவும் முடியாது. ஆனாலும் முதல் நாள் 40-ஐ விட அந்த 23 வரி நோட்டு பெரிதாகத் தெரிந்தது.

இந்தப் பக்கம் கருடமங்கலம் கல்லைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். சிப்பியும் சங்கும் நெருக்கிப் பின்னிய கல், மெருகேற்றினால் அழகு. அதைப் பார்த்து 'எவ்வளவு உயிர் வாழ்ந்த தரை' என்று வியப்பவர்களை இப்போது பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அது வாழ்ந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. அலையும் புயலும் கூட்டிப் பெருக்கி ஒதுக்கிய குவியலாகவும் இருக்கலாம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

*

நான் பள்ளி ஆசிரியர். ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப் போவேன். கல்லாகிப்போன 18 மீட்டர் நீள அடிமரம், 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. "இங்க ஒரு காலத்துல பெரிய காடு இருந்துச்சு" என்றுதான் பல வருடம் சொல்லிவந்தேன்.

ஒரு எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "சார், சுத்தியுள்ள மண்ணுல கடல் சிப்பி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. கடலுக்குள்ள எப்படி சார் காடு?"

வாயடைத்துப்போனேன். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது, காடு வேறெங்கோ கரையில் இருந்திருக்கிறது. மரம் ஆற்றோடு கடலுக்கு வந்து, நீர் ஊறி மூழ்கி, வண்டலில் புதைந்திருக்கிறது. அப்படி மிதந்த கட்டைகளைக் கப்பல்புழு துளைக்கும் (பேர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம்). அந்தத் துளைகள் கல்லான கட்டையிலும் நிற்கும். துளை உள்ள கட்டை என்றால் கடல்நீரில் கொஞ்ச காலம் கிடந்தது என்று அர்த்தம். அடுத்த வாரம் வகுப்பில், "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

*

எங்களுக்குக் குன்னம் பக்கம். 2020-இல் 'டைனோசர் முட்டை' என்று ஒரே அமளி. நானும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். உருண்டை உருண்டையாகக் கல். சிலர் அதோடு படம் எடுத்தார்கள், ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் நிபுணர்கள் வந்து முட்டை இல்லை, அம்மோனைட்டோடு தொடர்புள்ள படிவு உருண்டை என்று சொன்னதும் கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு என்னவோ அதன் பிறகுதான் ஆர்வமே வந்தது. சேற்றில் புதைந்த உயிர் அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி உருண்டை ஆகுமாம். முட்டையைவிட இது நல்ல கதை இல்லையா?

*

நான் ஆய்வகப் பக்கம். களத்தில் நீங்கள் தலைகுனிந்தீர்கள், நான் நுண்ணோக்கியில்.

ஃபோராமினிஃபெரா என்பவை ஒரு செல் உயிரிகள், மணல் பருமன்தான் ஓடு. சில மிதந்து வாழும், சில தரையில். கரையோர ஆழமில்லாத கடலில் தரைவாழிகள் மிகுதி, ஆழம் கூடக்கூட மிதப்பவற்றின் பங்கு ஏறும். களிமண்ணை ஊறவைத்து 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, 300 எண்ண வேண்டும். கழுத்து போய்விடும்.

ஒருமுறை ஒரு மாதிரியில் மிதப்பவை திடீரென ஏறின. கடல்மட்டம் உயர்ந்திருக்கிறது என்று குதித்தேன். சீனியர் அக்கா எட்டிப் பார்த்து, "பாதி நீலமா இருக்கே?" என்றார். ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்குவோம், கண்ணியில் சிக்கிய பழைய ஓடு சாயம் ஏறி அடையாளம் தெரியும். என் கடல் உயர்வு முந்தைய மாதிரியின் மிச்சம்.

பெலம்னைட் பற்றி ஒன்று. 1951-இல் வேதியியலாளர் ஹெரால்டு யூரி குழுவினர் ஒரு ஜுராசிக் பெலம்னைட்டை வளையம் வளையமாகச் சுரண்டி ஆக்சிஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள்) அளந்தார்கள். கனமான ஆக்சிஜன்-18 குளிர்ந்த நீரில் வளர்ந்த ஓட்டில் கூடுதலாகச் சேரும். மூன்று கோடை, நான்கு குளிர்காலம் என்று அந்த உயிரின் வாழ்நாள் வந்தது. ஆனால் தண்டு பழைய நிலையிலேயே இருக்க வேண்டும். அதன் சுண்ணாம்பு பின்னாளில் மறுபடி படிகமாகியிருந்தால் எண் வரும், அது கடலின் வெப்பமாக இருக்காது. மாறாத தண்டு என்றால் அடுக்கில் கிடந்த கிடை தெரியாவிட்டாலும் இப்படிப் பயன்படும், ஆகவே அந்த 40-ஐத் தூக்கி எறியாதீர்கள்.

*

முதலில் எழுதியவன்தான். எறியவில்லை. அடுக்கு தெரியாததால் காலம் சொல்ல முடியாது, ஐசோடோப்புக்கு அனுப்பவும் மனமில்லை. பையின் மேல் 'காரை, உதிரி' என்று எழுதிவைத்திருக்கிறேன். சாத்தனூர் ஆசிரியருக்கு வேண்டுமானால் சொல்லுங்கள் சார், பாதியை அனுப்புகிறேன். அந்தப் பெண்ணிடம் முதலில் கொடுங்கள்.