எங்கள் தோட்டத்துக் கவிஞரை எப்படிக் கௌரவிப்பது?

பூண்டுலோயா அக்கா:

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, தாய் கொழுந்து பறிக்கப் போகும் அவசரத்தில் என் கையில் தந்துவிட்டுப் போன பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். இந்த ஆண்டு அகில இலங்கைத் தமிழ் மொழித் தினப் போட்டியில், கோட்டம், வலயம், மாகாணம் எல்லாம் தாண்டிக் கவிதையில் முதலிடம் பெற்றுவிட்டாள். அவள் எழுதியது பாட்டியின் நெற்றியைப் பற்றி. கூடைக் கயிறு பதிந்து பதிந்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறதே, அதைப் பற்றி. கேட்டுவிட்டு நான் அழுதுவிட்டேன்.

ஏற்கெனவே வேறோர் இடத்தில் அவளுக்கு ஒரு பாராட்டு நடந்தது. நான்கு பேர் நீளமாகப் பேசினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நினைவுச் சின்னத்தில் பெயரைப் பிழையாக அடித்திருந்தார்கள். கவிதையை வாசிக்க எழுந்தவளிடம் நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேனில் திரும்பி வரும்போது பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. தாய்க்கு அன்றைய பேரும், அதாவது அந்த நாள் சம்பளமும், போனது.

இப்போது எங்கள் லயத்து (வரிசை வீட்டு) ஆட்கள் காசு சேர்த்திருக்கிறார்கள். பெரிய ஆட்களை அழைக்க வேண்டும், இசைக்குழு பிடிக்க வேண்டும் என்று சிலர் நிற்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

அட்டன் ஓய்வு ஆசிரியர்:

மகள், கவிதையை முதலில் வையுங்கள், பேச்சைப் பிறகு வையுங்கள். இது நம் மலையகத்தில் பழைய வழக்கம்தான். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் தோட்டங்களில் கூட்டம் போட்ட காலத்தில் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தாமே எழுதிய பாடல்களைப் பாடுவார். பாட்டைக் கேட்டு ஆட்கள் கூடுவார்கள்.

நீங்கள் பூண்டுலோயாக்காரர். மடகொம்பரை உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே 1914இல் பிறந்தவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. தாகூர் 1934இல் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயதுகூட நிறையாத இளைஞராக, தம் நூலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். நம் மக்கள் மலையில் பாடிய பாடல்களைத் தொகுத்து வைத்தவரும் அவர்தான். அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். தன் ஊர்ப் பக்கத்திலேயே தனக்கு முன்னால் ஒருவர் நடந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

பதுளை வாசகன்:

இசைக்குழுவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சிறு நூல் அச்சிடலாம், அக்கா. எத்தனை கவிதை வைத்திருக்கிறாள்? கொப்பியில் இருப்பது மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் போய்விடும். என் கொப்பி ஒன்று அப்படித்தான் அழிந்தது. யாரையாவது கொண்டு தட்டச்சுச் செய்து, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் பிழை திருத்தும் பொறுப்பை அவளிடமே விடுங்கள். சர்வதேச தர நூல் எண்ணைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். இரண்டு பிரதிகள் பாடசாலை நூலகத்துக்கு.

லிந்துலை அம்மா:

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் வையுங்கள், தங்கச்சி. கொழுந்து நிறைந்த நேரத்தில் ஞாயிறும் மலைக்குக் கூப்பிடுவார்கள். பின்னேரம் மூன்று மணிக்குள் தொடங்கிவிட்டால் பனி இறங்கும் முன் வயதானவர்கள் வீடு போய்ச் சேரலாம். பாட்டி இருக்கிறாரா? இருந்தால் மாலையை அவர் கையால் போடச் சொல்லுங்கள்.

பூண்டுலோயா அக்கா:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினோம். அடுத்த போயாவுக்கு வைக்கிறோம். இசைக்குழு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கும் அண்ணன்மார் காசு வாங்காமல் வருகிறோம் என்றார்கள். அவள் முப்பத்திரண்டு கவிதை எழுதி வைத்திருக்கிறாள். எனக்கே நேற்றுத்தான் தெரியும். நூலுக்குக் காசு இன்னும் கொஞ்சம் தேவை. ஆனாலும் அச்சுக்குக் கொடுக்கிறோம்.

பாட்டி மாலை போடச் சம்மதித்துவிட்டார். தாயிடம், மேடையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது என்றேன். அவர் நாற்காலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "மைக் நல்லதாகப் பாருங்கள் அக்கா, வாசிக்கும்போது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்" என்றார். நாளை காலை தலவாக்கலைக்குப் போய் ஒலிபெருக்கிக்காரரிடம் பேசப் போகிறேன்.