மிகைப்படுத்தலும் மீநவிற்சியும்

அன்பின் நண்பர்களே,

நம் சொற்பட்டியலில் ‘எக்ஸாஜரேஷன்’, ‘ஹைபர்போலி’ இரண்டுக்கும் எதிரே ‘மிகைப்படுத்தல்’ என்றே இருக்கிறது. இதை இப்படியே விடக்கூடாது.

கொழும்பின் காலி வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டவர், “வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வர ஒரு யுகம் எடுத்தது” என்றால் யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. அது உண்மையில்லை என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அவருடைய எரிச்சல்தான் அங்கே செய்தி. அவரே 40 நிமிடப் பயணத்தை, “2 மணித்தியாலம் ஆனது சேர்” என்று அலுவலகத்தில் சொன்னால் கதை வேறு. மேலாளர் நம்ப வேண்டும் என்றே சொல்கிறார். இத்தனைக்கும் யுகம்தான் பெரிய அளவு. ஆனால் ஏமாற்றுவது அந்த 2 மணித்தியாலம். யுகம் ‘ஹைபர்போலி’, 2 மணித்தியாலம் ‘எக்ஸாஜரேஷன்’. ஆங்கிலத்தில் ‘எக்ஸாஜரேஷன்’ அகலமானது, சிலவேளை ‘ஹைபர்போலி’யையும் அடக்கும். ஆனாலும் ‘ஹைபர்போலி’ என்று குறித்து எழுதும் இடத்தில் பொய்யின் வாடை இல்லை. நம் ‘மிகைப்படுத்தினார்’ என்பதில் எப்போதும் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சட்ட மொழிபெயர்ப்பில் இது பெரிய விஷயம். இங்கிலாந்தின் கார்பாலிக் ஸ்மோக் போல் வழக்கில், தன் மருந்துப் புகைப்பந்தைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்புளுவென்சா வந்தால் 100 பவுண் தருவதாக நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. பிறகு அது யாரும் உண்மையென்று எடுக்காத வெறும் விளம்பரப் பேச்சு என்று வாதாடியது. ஆனால் 1,000 பவுண் வங்கியில் வைத்திருப்பதாகவும் அதே விளம்பரம் சொன்னது. வாசிப்பவரை நம்பச் சொல்லும் வரி அது. 1892இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை.

சரி, ‘உயர்வு நவிற்சி’ இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் ‘அதிசயம்’ என்று சொல்வதைத்தான் பள்ளியில் அப்படிப் படித்தோம். செய்யுளுக்கு அது இருக்கட்டும், மாற்றத் தேவையில்லை. ஆனால் ‘முத்திரை அளவு காணி’ என்று கொழும்பில் சொல்கிறோமே, அங்கே உயர்வு எங்கே? சுருக்கிச் சொல்வதும் இதே வகைப் பேச்சுத்தான்.

அதனால் ‘ஹைபர்போலி’க்கு ‘மீநவிற்சி’ என்று முன்மொழிகிறேன். கிரேக்க ‘ஹைபர்’ என்பதற்குக் ‘கடந்து, மேலே’ என்று பொருள். மீயுரை (ஹைபர்டெக்ஸ்ட்), மீயொலி (அல்ட்ராசவுண்ட்) என்று ‘மீ’ ஏற்கெனவே நம் கையில் பழகிவிட்டது. ‘நவிற்சி’யும் அணியிலக்கணத்தின் உறவை விடாமல் வைத்திருக்கிறது. ‘மீநவின்றார்’ என்ற வினைதான் நாக்கில் புரளவில்லை. ‘மீநவிற்சியாகச் சொன்னார்’ என்றே எழுதலாம்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் இதை ஒரு தீர்ப்பு வாசகத்தில் போட்டுப் பார்த்துச் சொன்னால் நல்லது.