ஏற்காட்டுல எடுத்த பாட்டு: ரெண்டாவது சரணம் வரும்போது உதடு தனியா பாட்டு தனியா போகுது, யாராச்சும் வழி சொல்லுங்க

அஸ்தம்பட்டி_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல ஒரு ஸ்கூல்ல ஒம்பதாவதுக்கு தமிழ் எடுக்கறேன், ஸ்கூல் விட்டப்புறம் சாயந்தரம் 14 பசங்கள வச்சு வீடியோ கிளப் நடத்தறேன். இந்த வருஷம் ஒரு ஆல்பம் பாட்டோட வீடியோவ எடுத்துக்கிட்டு அத ஷாட்டுக்கு ஷாட் அப்படியே நாமளே எடுத்துப் பாப்போம்னு ஆரம்பிச்சோம். மொதல்ல ஒரிஜினல ஓட விட்டு ஓட விட்டு நிறுத்தி எங்கெல்லாம் வெட்டுதுன்னு நோட்டுல எழுத சொன்னேன், பசங்க 87 ஷாட் எண்ணிட்டாங்க, ஒரே ஷாட்டுன்னு இத்தன நாளா நெனச்சுட்டு இருந்த எடம் அஞ்சு ஷாட்டா இருந்துச்சு, அன்னிக்கு அவங்க முகத்த பாக்கணும் நீங்க.

போன மாசம் வேன் புடிச்சு ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கறதுக்குள்ள மூணு பேருக்கு வாந்தி, ஆனாலும் வேல நல்லா நடந்துச்சு. பாடற பொண்ண வச்சு முழு பாட்டையும் லேடீஸ் சீட்ங்கற வியூ பாயிண்ட்ல வெயில்ல ஒரு தடவ, ஒரு காபி எஸ்டேட்டுக்குள்ள மர நெழல்ல ஒரு தடவ எடுத்தோம், அப்புறம் தூரத்துல இருந்து ஒரு லாங் ஷாட், எல்லாம் போன்லதான்.

இப்ப எடிட்டிங்ல மாட்டிக்கிட்டோம். லேடீஸ் சீட்ல எடுத்தது பாட்டோட கச்சிதமா உக்காருது. எஸ்டேட்ல எடுத்தது பல்லவி வரைக்கும் சரியா இருக்கு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெலகி ரெண்டாவது சரணத்துல நல்லாவே தெரியுது, ஆனா அதே கிளிப்ப போன் கேலரில பாத்தா சரியாத்தான் ஓடுது. லாங் ஷாட்ல வேற மாதிரி, ஆரம்பத்துல இருந்தே கடைசி வரைக்கும் ஒரே அளவு பின்னாடி இருக்கு. ஸ்பீக்கர் புளூடூத், அதனாலயா? இன்னொண்ணு, ஒரிஜினல்ல பாடறவங்க ஸ்லோமோஷன்ல நடந்து வர்றாங்க, உடுப்பெல்லாம் மெதுவா பறக்குது, ஆனா உதடு மட்டும் சரியா பாடுது, அது எப்படின்னு பசங்க தெனமும் கேக்கறாங்க, எனக்கு பதில் தெரியல. லேப்டாப் 8 ஜிபி ரேம், எடிட்டிங் சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன், அதுவும் திக்கித் திக்கித்தான் ஓடுது.

சூரமங்கலம்_கட்டிங்:

டீச்சர் வணக்கம்ங்க, நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன், இதே பிரச்சனைல ஒரு ரிசப்ஷன் வேலைய ரெண்டு நைட்டு உக்காந்து திரும்பப் பண்ணிருக்கேன். நீங்க போன்ல சரியா ஓடுது, வெயில்ல எடுத்தது சரி, நெழல்ல எடுத்தது மட்டும் தப்புன்னு சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. போன் வினாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம் எடுக்கறேன்னு சொல்லும், ஆனா வெளிச்சம் கம்மியானா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூட நேரம் வெளிச்சம் வாங்கறதுக்காக அதுவே 30ஐ கொறச்சுக்கும், மேகம் வெலகினா மறுபடி ஏத்திக்கும். இதத்தான் வேரியபிள் ஃப்ரேம் ரேட்டுன்னு சொல்றோம். போன் ப்ளேயர் ஒவ்வொரு ஃப்ரேமோட நேரத்தையும் பாத்து ஓட்டும், எடிட்டிங் சாஃப்ட்வேர் பல நேரம் எல்லாம் ஒரே அளவுன்னு நெனச்சு அடுக்கிடும், அப்ப படம் பாட்ட விட்டு நகந்துட்டே போகும்.

ஹேண்ட்பிரேக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதுல அந்த எஸ்டேட் கிளிப்ப போட்டு ஃப்ரேம் ரேட் 30, பக்கத்துல கான்ஸ்டன்ட்னு இருக்கறத தேர்ந்தெடுத்து மாத்துங்க, மாத்தினத டைம்லைன்ல போடுங்க. கையால கிளிப்ப துண்டு துண்டா வெட்டி நகத்தி சரி பண்ணலாம்னு தோணும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, பசங்க சலிச்சுடுவாங்க. அடுத்த தடவ எடுக்கறப்ப கேமரா செட்டிங்ல ஆட்டோ எஃப்பிஎஸ்னு (ஃப்ரேம் ரேட்ட போனே மாத்திக்கறது) இருந்தா ஆஃப் பண்ணிட்டு எடுங்க.

புளூடூத் மேல தப்பு இல்லங்க. ஸ்பீக்கர் லேட்டா பாடினாலும் பொண்ணு கேக்கறதும் அதுதான், கேமரா மைக் கேக்கறதும் அதுதான், அதனால போன்ல பதிவான சத்தத்தோட அலைய (டைம்லைன்ல மேடும் பள்ளமுமா தெரியுமே, அத) ஒரிஜினல் பாட்டோட அலையோட பொருத்தினீங்கன்னா கிட்ட எடுத்த ஷாட்டெல்லாம் உக்காந்துடும். லாங் ஷாட்டுக்கு ஸ்பீக்கர எங்க வச்சீங்க, பொண்ணு எவ்வளவு தூரத்துல நின்னுச்சு? அத சொல்லுங்க.

லேப்டாப்புக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்றதுக்கு மட்டும் லேசான ஒரு காப்பி, போட்டுக்கங்க, கிளிப்பு மேல ரைட் கிளிக் பண்ணா ஜெனரேட் ப்ராக்ஸி மீடியான்னு வரும். டைம்லைனையும் 720க்கு எறக்கி வேல பாத்துட்டு கடைசில எக்ஸ்போர்ட் பண்றப்ப ஏத்துங்க.

அஸ்தம்பட்டி_டீச்சர்:

ரொம்ப நன்றிங்க சார். ஸ்பீக்கர் கேமரா பக்கத்துலயே தரையில இருந்துச்சு, பொண்ணு ஒரு 30 மீட்டர் தள்ளி பாறை கிட்ட நின்னா.

சூரமங்கலம்_கட்டிங்:

அதேதாங்க. சத்தம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், 30 ஃப்ரேம் கணக்குல ஒரு ஃப்ரேம் நேரத்துல 11 மீட்டர். 30 மீட்டர் தள்ளி நின்னா அந்தப் பொண்ணுக்கு பாட்டு கிட்டத்தட்ட 3 ஃப்ரேம் லேட்டா கேக்கும், அது அதுக்கேத்த மாதிரிதான் வாய அசைக்கும், ஆனா கேமரா மைக்குக்கு ஒடனே கேட்டுடுது. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, அவகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. அந்த மாதிரி ஷாட்ல அலைய நம்பாம கண்ண நம்பணும். ப, ம வர்ற எழுத்துல உதடு மூடியே ஆகணும் இல்லீங்களா, பாட்டுல அப்படி ஒரு வார்த்தைய புடிச்சு, உதடு மூடற ஃப்ரேம அந்த சத்தத்துக்கு நேரா கொண்டாந்து வைங்க. நீங்க தமிழ் டீச்சர், உங்க பசங்களுக்கு இது என்னவிட நல்லா வரும்.

ஸ்லோமோஷன் விஷயம்: எடுக்கறப்ப பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விடுவாங்க, பாடறவங்க அந்த வேகத்துக்கு வாயசைப்பாங்க, கேமரா 60 ஃப்ரேம்ல எடுக்கும். அத 30 ஃப்ரேம் டைம்லைன்ல பாதி வேகமாக்கினா உதடு சாதாரண பாட்டுக்கு வந்துடும், துணியும் முடியும் மட்டும் மெதுவா பறக்கும். ஸ்கூல் கிரவுண்டுலயே எடுத்துப் பாருங்க, ரெண்டு மடங்கு வேகத்துல பாட்டு மனப்பாடமா இருக்கணும், அதான் கஷ்டம். இதுக்கு வெயில் நல்லா இருக்கற நேரம் வேணும்ங்க, வெளிச்சம் கொறஞ்சா 60 நிக்காது.

சேர்வராயன்_மலைக்காரன்:

டீச்சர், நான் ஏற்காட்டுலயே பொறந்து வளந்தவன், அப்பா எஸ்டேட்ல வேல பாத்தவரு. எடிட்டிங் பத்தி அண்ணன் சொல்லிட்டாரு, நான் பனிய பத்தி சொல்றேன். இங்க மேகம் எப்ப எறங்கும்னு எங்களாலயே சொல்ல முடியாது, பத்து நிமிஷத்துல எதிர்ல இருக்கற சில்வர் ஓக் மரம் காணாம போயிடும். அதனால ஒரு எடத்துல லாங் எடுத்தீங்கன்னா கையோட குளோசப்பும் எடுத்துடுங்க, சாப்புட்டு வந்து எடுக்கலாம்னு விட்டா ஒட்டாது. போன் ஸ்கிரீன்ல முகத்து மேல வெரல அழுத்திப் புடிச்சா வெளிச்சமும் ஃபோகஸும் லாக் ஆகிடும், அப்படிப் பண்ணலன்னா பின்னாடி மேகம் வெள்ளையா வந்ததும் முகம் கருத்துப் போயிடும். எஸ்டேட்டுக்குள்ள கேக்காம போகாதீங்க, சாயந்தரம் ஆச்சுன்னா காட்டுமாடு நடமாட்டமும் இருக்கு, பசங்கள வெளிச்சம் இருக்கறப்பவே எறக்கிடுங்க. அடுத்த தடவ வந்தா சொல்லி விடுங்க, நான் கூட வரேன்.

பழைய_மூவியோலா:

அம்மா, எனக்கு வயசு 71. சென்னையில எடிட்டிங் அசிஸ்டன்ட்டா இருந்துட்டு இப்ப கன்னங்குறிச்சில மகன் வீட்ல இருக்கேன். உங்க பசங்க 87 ஷாட்ட எண்ணினாங்கன்னு படிச்சதும் இத எழுத உக்காந்துட்டேன். எங்களுக்கு மொத பாடம் அதேதான். 35 எம்எம் பிலிம்ல ஒரு அடிக்கு 16 ஃப்ரேம், வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது ஒண்ணரை அடி ஓடும், 4 நிமிஷ பாட்டுன்னா 360 அடி கையில இருக்கும். தப்பா வெட்டிட்டா திரும்ப ஒட்டணும், ஒட்டின எடம் மெஷின்ல ஓடறப்ப தெரியும். அதனால வெட்டறதுக்கு முன்னாடி பாட்ட வாயால முணுமுணுத்து முணுமுணுத்து எங்க வெட்டணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் கை வைப்போம்.

ஒரு விஷயம் பசங்ககிட்ட சொல்லணும்னு ஆசப்படறேன். எல்லா வெட்டையும் தாளத்துலயே போடாதீங்க. நிமிஷத்துக்கு 100 தட்டு தாளம்னா 30 ஃப்ரேம் கணக்குல 18 ஃப்ரேமுக்கு ஒரு தட்டு விழும், ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டினா அர நிமிஷத்துல கண்ணு ஓஞ்சுடும். பாடற பொண்ணு தலைய திருப்பறா, கைய தூக்கறா, அந்த அசைவு பாதில இருக்கறப்ப அடுத்த ஷாட்டுக்கு போங்க, வெட்டினதே தெரியாது. இப்ப எடுத்து வச்சிருக்கற 87ஐயும் போட்டு முடிச்சப்புறம் ஒரு தடவ ஒரிஜினல மறந்துட்டு 40 ஷாட்ல அதே பாட்ட கட்ட சொல்லுங்க. எத வச்சுக்கறாங்க, எத விடறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க.

அப்புறம் ஏற்காடு ரோட்டுல நீங்க வேன்ல போனப்ப மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவ (ஆர்ச்ச) தாண்டித்தான் போயிருப்பீங்க. 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டூடியோ, தமிழோட மொத முழுநீள கலர் படம் 1956ல அங்கருந்துதான் வந்துச்சு. எடுக்கறதும் வெட்டறதும் நம்ம ஊர்லயே நடந்த தொழில்மா. அடுத்த தடவ வேன ரெண்டு நிமிஷம் ஓரமா நிறுத்தி பசங்கள எறக்கி காட்டுங்க.

ஐந்துரோடு_வக்கீல்:

சுருக்கமா ஒண்ணு. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52ல பாடம் நடத்தறதோட பகுதியா டீச்சரும் மாணவர்களும் பண்றதுக்கும், ஸ்கூல் நிகழ்ச்சில மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னாடி போட்டுக் காட்டறதுக்கும் எடம் இருக்கு. யூடியூப்ல ஏத்தறது வேற கதை, பாட்டுக்கு உரிமை இருக்கறவங்க கன்டென்ட் ஐடில (பாட்டு யாரோடதுன்னு யூடியூபே கண்டுபிடிக்கற வசதி) க்ளெய்ம் போடலாம், இல்ல வீடியோவையே தடுக்கலாம். அதவிட முக்கியம், பசங்க முகம் இருக்கு, 14 வீட்லயும் எழுத்துல சம்மதம் வாங்காம பொதுவுல போடாதீங்க.

அஸ்தம்பட்டி_டீச்சர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. எஸ்டேட் கிளிப்ப ஹேண்ட்பிரேக்ல மாத்திப் போட்டோம், கடைசி சரணம் வரைக்கும் அப்படியே உக்காந்துடுச்சு. லாங் ஷாட்டுக்கு ம எழுத்த தேடினோம், பல்லவிலயே "அம்மா"ன்னு ஒரு வார்த்த இருந்துச்சு, பசங்க ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளி உதடு மூடற எடத்த புடிச்சாங்க, சார் சொன்ன மாதிரியே சரியா 3 ஃப்ரேம். பாடின பொண்ணு இத்தன நாளா தன்னாலதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்திருக்கா, எங்கிட்ட கூட சொல்லல. சத்தம் லேட்டா வந்துச்சுன்னு கணக்கு போட்டு காட்டினதும் போர்டுல அந்தக் கணக்க அவளே மறுபடி ஒருதரம் எழுதிப் பாத்தா.

யூடியூப் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம், ஸ்கூல் ஆண்டு விழால பெற்றோருக்கு போட்டுக் காட்டறோம், சம்மதக் கடிதம் 11 வந்தாச்சு. ஐயா, 40 ஷாட் வேலைய ரெண்டு குழுவா பிரிச்சு திங்கக்கெழம ஆரம்பிக்கறோம், முடிஞ்சதும் கன்னங்குறிச்சிக்கே எடுத்துட்டு வந்து உங்களுக்கு போட்டுக் காட்டலாமா? ஸ்லோமோஷன் மட்டும் பாக்கி, இப்ப கிளாஸ் முழுக்க ரெண்டு மடங்கு வேகத்துல பாடிட்டு இருக்காங்க.

பழைய_மூவியோலா:

வாங்கம்மா. ஞாயித்துக்கெழம காலைல வாங்க, எங்கிட்ட பிலிம வெட்டி ஒட்டற பழைய ஸ்ப்ளைசர் ஒண்ணும் கொஞ்சம் பிலிம் துண்டும் இருக்கு, பசங்க கையால ஒட்டிப் பாக்கட்டும்.