மறு: மேலிக்னன்ட்டுக்கு ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கையேட்டுச் சொற்களைப் பேசும் இந்த இழை நீண்டு நீண்டு இப்போது 'கேன்சர்' என்ற சொல்லின் மூலமான நண்டில் வந்து நிற்கிறது. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதனால் கேள்வியை மறுபடி முன்னால் வைக்கிறேன்: நோயாளிகள் படிக்கும் கையேட்டில், கட்டி புற்று என்று சொல்லும் 'மேலிக்னன்ட்', புற்று இல்லை என்று சொல்லும் 'பினைன்' இரண்டுக்கும் என்ன எழுதுவது?

மேலிக்னன்ட்டுக்கு நான் முதலில் எழுதியிருந்தது 'வீரியம் மிக்க கட்டி'. இணையத்தில் தேடினால் இதுதான் வந்து விழுகிறது. வரைவைச் சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "வீரியம் இருந்தா நல்லதுதானே, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்றார். விதைக்கு வீரியம், மருந்துக்கு வீரியம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பாராட்டு. அன்றே அடித்துவிட்டேன்.

இந்த இழையில் புலவர் ஐயா தந்த 'வன்கட்டி, மென்கட்டி' இணை அழகானது. வன்முறை, வன்சொல், வன்கண் என்று அந்த அடி தீமையையும் தாங்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டியைத் தடவிப் பார்த்துப் பயந்து வருகிறவருக்கு வன்மை என்றால் விரலில் படும் கடினம்தான். சுண்ணம் படிந்த பழைய நார்க்கட்டி கல் மாதிரி இருக்கும், புற்றாக இருக்காது. நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமாவில் கழுத்தில் வரும் நெறிக்கட்டி ரப்பர் போல இருக்கும். 'மெத்தென்றுதானே இருக்கிறது' என்று ஒருவர் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டால் அந்தப் பழி நம் சொல்லைச் சேரும். ரத்தப் புற்றில் தொட்டுப் பார்க்கக் கட்டி என்று ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

லத்தீன் வேர் பற்றி ஐயா எழுதியது என்னை ஒரு மாலை முழுக்கப் பிடித்துவைத்தது. 'மேலிக்னுஸ்' தீயதாய்ப் பிறந்தது, 'பெனிக்னுஸ்' நல்லதாய்ப் பிறந்தது. படித்ததும் மூதுரையின் 'உடன்பிறந்தே கொல்லும் வியாதி' நினைவுக்கு வந்தது. நம் சொந்த உயிரணுவே கட்டு மீறிப் பெருகுவதற்கு இதைவிடப் பொருத்தமான வரி ஏது? 'உடன்கொல்லி' என்றுகூட எழுதிப் பார்த்தேன். ஆனால் தோலில் வரும் பேசல் செல் கார்சினோமாவும் மேலிக்னன்ட்தான். அது வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, வெட்டி எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த நோயாளி கையில் 'கொல்லி' என்ற சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை.

நண்டைப் பற்றி ஒரே வரி. நண்டையும் புற்றையும் குறிக்கும் கிரேக்கக் 'கார்க்கினோஸ்', நண்டைக் குறிக்கும் நம் பஞ்சாங்கத்துக் கர்க்கடகம் இரண்டும் உறவுச் சொற்கள்தான், சுவையான செய்தி. ஆனால் நமக்குப் புற்று இருக்கிறதே. வெளியே தெரிவது மேடு, உள்ளே கிளைகிளையாய் ஓடும் வழிகள். அது போதும்.

என் உண்மையான சண்டை, பினைனுக்கு எழுதப்படும் 'தீங்கற்ற கட்டி'யோடு. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் பினைன் வகை. மண்டைக்குள் ஒதுங்கக் கூடுதல் இடமில்லை. பார்வை நரம்பை அழுத்தினால் பார்வை போகும். பார்வை போனவரிடம் 'உங்களுக்கு இருப்பது தீங்கற்றது' என்று நீட்டுவதா? பினைன் என்றால் பக்கத்துத் திசுவை ஊடுருவாது, வேறு உறுப்புக்குத் தாவாது என்றுதான் பொருள். 'புற்றல்லாத கட்டி' என்றால் சொல்ல வேண்டியது சரியாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் மேலிக்னன்ட் ஹைப்பர்டென்ஷனை என்ன செய்வது என்று டாக்டர் அம்மா கேட்டது நியாயம். அதில் புற்று கிடையாது. ரத்த அழுத்தம் மிக அதிகமாக ஏறி விழித்திரையும் சிறுநீரகமும் கெடுகின்றன. சில மயக்க வாயுக்களால் தசைகள் விறைத்து உடல் கொதிக்கும் மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவும் அப்படித்தான். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காதில் வரும் மேலிக்னன்ட் ஓட்டைட்டிஸ் எக்ஸ்டெர்னா வெறும் கிருமித் தொற்று. ஆங்கிலத்திலேயே அதை 'நெக்ரோட்டைசிங்' (திசுவை அழிக்கும்) என்று மாற்றி எழுதுகிறார்கள். அவர்களுக்கே இடிக்கும் ஒரு சொல்லை நாம் ஏன் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைக்க வேண்டும்? கட்டிக்கும் ரத்தத்துக்கும் 'புற்றுத்தன்மை உள்ள', மற்றவற்றுக்கு 'உக்கிர' என்று பிரித்துவிடலாம். 'கடும்' என்பதை ஏற்கெனவே, திடீரென வரும் நோயைக் குறிக்கும் அக்யூட்டுக்குக் கொடுத்துவிட்டோம். உக்கிரம் வடசொல் என்ற மறுப்பு வரும், தெரியும். உக்கிரமான வெயில் என்றால் எல்லாருக்கும் புரிகிறது, எனக்கு அது போதும்.

இதுவரை ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள். புலவர் ஐயா 'வன்' அடியை விடமாட்டேன் என்கிறார், அவர் மறுப்பு இழையில் அப்படியே இருக்கட்டும். புற்று வேறு உறுப்புக்குத் தாவும் மெட்டாஸ்டாசிஸுக்குப் 'பரவிய புற்று' என்றே போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. சினைப்பையில் 'பார்டர்லைன்' என்று ஒரு வகைக் கட்டி வரும். அது புற்றும் இல்லை, புற்றல்லாததும் இல்லை. என் பிரிப்பில் அதற்கு இடமே இல்லை. வியாழன் மாலைக்குள் யாராவது ஒரு சொல் தாருங்கள்.