சீனத்துத் தாங் அரசர்களைக் கொன்றது (சாதி)லிங்கமா?

மூசை:
"தாங் பேரரசர்கள் ஷியன்சோங், முசோங், வுசோங் மூணு பேரும் சாகா மருந்துன்னு லிங்கத்தைத் தின்னே செத்தாங்க"ன்னு பக்கத்து இழையில ஒரு அறிவாளி அடிச்சுவிட்டிருக்கார். லிங்கம்ங்கிறது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல், வயித்து அமிலத்துல லேசில் கரையாது சார். கொன்னது பாதரச ஆக்சைடு. சீன ரசவாதி கோ ஹோங் (283–343) எழுதினது இதுதான்: லிங்கத்தை எரிச்சா பாதரசம், மாத்தி மாத்தி எரிச்சா மறுபடி லிங்கம். ரெண்டாவது பாதியில கந்தகம் எங்கே? பாதரசத்தை மட்டும் காத்து பட 350 டிகிரியில நாள்கணக்கா காய்ச்சினா மேல படியறது சிவப்பு ஆக்சைடு. வயித்து அமிலம் பட்டா அதுவே வீரம்ங்கிற கொடிய பாதரச விஷ உப்பு.

செந்தூரப்பிரியன்:
காத்து படவா? அதே கோ ஹோங் முதல் மருந்துக்கு 'ஆறு-ஒன்று மண்'ங்கிற கலவை மண்ணால பாத்திரத்தைப் பூசி மூடி 36 நாள் தீ போடச் சொல்றாரே! மூடி இறுகினா கந்தகம் எங்க போகும்? லிங்கம் பதங்கமா (உருகாம நேரா ஆவியா) ஏறி மூடியில சிவப்பா ஒட்டும். அடுப்பையே பார்க்காம எழுதினா இப்படித்தான்.

மூசை:
36 நாள் தீயில விரிசல் விடாத மண் உண்டா? விரிசல் விட்டா காத்து ஏறும், கந்தகம் எரிஞ்சு போகும், பாதரசம் மணிமணியா ஒழுகும். திரும்பக் கேக்கறேன், கந்தகம் எங்கே?

பழனிமலை:
சீனாவோட முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கும் பாதரச மாத்திரையிலதான் போனார். எல்லாம் நம்ம போகர் கத்துக்கொடுத்த வித்தை.

ஏட்டுச்சுவடி:
போகரை விடுங்க. பழைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதினது சின் ஷி ஹுவாங் கல்லறைக்குள்ள ஓடின பாதரச ஆறுகளைப் பத்தி. மாத்திரை தின்னு செத்தார்னு எங்க எழுதினார்? ஷியன்சோங்கும் இந்தப் பட்டியல்ல வரமாட்டார். மருந்து ஏற ஏற எரிச்சல்காரர் ஆனார், 820-ல அரண்மனை அண்ணகர்களே (விதை நீக்கப்பட்ட பணியாளர்கள்) கொன்னதா பேச்சு.

மூசை:
அந்த எரிச்சலே பாதரச விஷம்தான். கரையாத லிங்கம் அதைப் பண்ணாது.

செந்தூரப்பிரியன்:
தாங் காலத்து ரசவாதி சென் ஷாவ்வெய், நல்ல லிங்கம் 16 லியாங்குக்கு (சீன எடை அளவு) 14 லியாங் பாதரசம்னு எடை சொல்றார். இன்னைய கணக்கு 13.8. இவ்வளவு தெரிஞ்சவங்களுக்கு 100 பங்கு பாதரசத்துக்கு 16 பங்கு கந்தகம் போட்டு அரைக்கத் தெரியாதா? அரைச்சா கறுப்பு, பதங்கிச்சா சிவப்பு.

மூசை:
அவர் கோ ஹோங்குக்கு முந்நூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி!

செந்தூரப்பிரியன்:
செத்த அரசர்களும் பின்னாடிதானே? முசோங் 824, வுசோங் 846. கோ ஹோங்கை இழுத்தது நீங்க.

மூசை:
பேச்சை மாத்தாதீங்க. கந்தகம்?

ஏட்டுச்சுவடி:
போன மாசம் சீன மந்திரவாதி லி ஷாவ்ஜுன் பத்தின இழையிலயும் இப்படித்தான். கி.மு. 133-ல அவர் ஹான் வம்சத்து வூ பேரரசர்கிட்ட சொன்னது, லிங்கத்தைத் தங்கமாக்கி அதுல செஞ்ச பாத்திரத்துல சாப்பிடணும்னு. தின்னச் சொல்லலைன்னதுக்கு என்னை பிளாக் பண்ணினவர் இந்த மூசை.

செந்தூரப்பிரியன்:
அந்த ஆறு-ஒன்று மண்ணுலயே பாஷாணக் கல்லும் ஈய வெள்ளையும் சேருது. அது கொல்லாதா?

மூசை:
மண் வெளிய பூசறது. மருந்துக்குள்ள எப்படிப் போகும்?

செந்தூரப்பிரியன்:
பாத்திரத்துக்கு உள்ளேயும் வெளியேயும், மூணு ஃபென் (சீன நீள அளவு) கனம். பூசற இடமே தெரியாம 36 நாள் தீயைப் பத்தி வகுப்பு எடுக்கறீங்க.

மூசை:
சரி, உள்ளேயும் பூசினாங்க. அதுல கந்தகம் இருந்துச்சா?