விற்பனை 10 மில்லியன் ராண்டைத் தாண்டிடுச்சு, என் பிஇஇ (கறுப்பினப் பொருளாதார மேம்பாடு) நிலை என்ன ஆகும்? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

அட்டைப்பெட்டி:
வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 2006-ல டர்பன் வந்தேன், 2014-ல இந்த நாட்டுக் குடியுரிமை கிடைச்சது. பைன்டவுன்ல அட்டைப்பெட்டி செய்யற பட்டறை வச்சிருக்கேன், 34 பேர் வேலை செய்யறாங்க. இதுவரை வருஷ விற்பனை 10 மில்லியனுக்குள்ள இருந்ததால உறுதிமொழிப் பத்திரம் மட்டும் கொடுத்து பிஇஇ-ல நாலாம் நிலை (ஒண்ணாம் நிலைதான் உசத்தி) வாங்கிட்டு வந்தேன். பிப்ரவரில நிதியாண்டு முடியுது, நவம்பர்லயே 11 மில்லியன் ஆயிடுச்சு. என் சரக்குல பாதியை எடுக்கற கம்பெனி, நாலுக்குக் கீழ போனா ஆர்டர் கிடையாதுன்னு எழுதிட்டாங்க. சட்டத்துல இந்தியரும் 'கறுப்பினத்தார்' கணக்குல வர்றாங்களே, 100 சதவீதம் கறுப்பினத்தார் கம்பெனின்னு எழுதிக்கோன்னு பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்றார். எழுதலாமா? 2025 ஏப்ரல்ல வந்த வேலைவாய்ப்புச் சமத்துவ இலக்குகளும் எனக்கு உண்டா? ராத்திரி தூக்கம் இல்லை.

ஜோபர்க் கணக்குப்பிள்ளை:
அண்ணே, எழுதிடாதீங்க. பிறப்பாலயோ வம்சாவளியாலயோ குடிமக்களா இருக்கணும், இல்லன்னா 1994 ஏப்ரல் 27-க்கு முன்னாடியே குடியுரிமை வாங்கியிருக்கணும், இல்ல அப்பவே வாங்கற தகுதியாவது இருந்திருக்கணும். 1860-ல ட்ரூரோ கப்பல்ல மதராஸ்லேருந்து வந்து கரும்புக் காட்டுல உழைச்சவங்க, அவங்க பிள்ளைங்க, நிறவெறி ஆட்சில இழந்ததுக்கு ஈடு இது. பின்னாடி வந்த நமக்கு இல்லைங்கறது எனக்கு நியாயமாத்தான் படுது.

சமத்துவ இலக்குகளை விடுங்க. 2025 ஜனவரிலேருந்து 50 பேருக்குக் குறைவா வச்சிருக்கறவங்களுக்கு அது இல்லை.

சிக்கல் விற்பனைலதான். 10-லேருந்து 50 மில்லியன் வரைக்கும் 'கியூஎஸ்இ', அதாவது தகுதிபெறும் சிறு நிறுவனம். கறுப்பின உரிமை (கறுப்பினத்தார் கையில இருக்கற பங்கு) 51 சதவீதத்துக்குக் குறைஞ்சா மதிப்பெண் அட்டை வச்சு சரிபார்ப்பு நிறுவனம் வந்து பார்க்கும். உரிமைக்கு 25 மார்க், உங்களுக்கு அதுல பூஜ்யம். மத்த நாலு பகுதிலயும் முழுசா எடுத்தாலும், போனஸ் தவிர 75, அதாவது அஞ்சாம் நிலை. உரிமைங்கறது குறைஞ்சபட்ச மார்க் எடுத்தே ஆகவேண்டிய முன்னுரிமைப் பகுதிங்கறதால இன்னும் ஒரு படி இறக்கி ஆறு. அப்போ அந்தக் கம்பெனி உங்ககிட்ட செலவழிக்கற ஒரு ராண்டுல 60 சென்ட்தான் அவங்க கணக்குல சேரும்.

அந்த நாலுல ஒண்ணான பயிற்சிக்கான செலவும் பிப்ரவரி முடியறதுக்குள்ள நடந்திருக்கணும். சம்பளக் கணக்கு 4 மில்லியன்னா இலக்கு 3 சதவீதம், 1,20,000 ராண்ட். மார்ச்ல கட்டினா அடுத்த வருஷக் கணக்கு.

அட்டைப்பெட்டி:
நன்றி தம்பி. என் மனைவி இங்க டர்பன் சாட்ஸ்வொர்த்துலயே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளி. பத்து வருஷமா கணக்கு, சம்பளம் எல்லாம் அவதான். அவ பேர்ல 51 மாத்தினா?

பீனிக்ஸ் அக்கா:
தாராளமா மாத்தலாம் தம்பி, ஆனா நிஜமாவே மாத்தணும். அப்போ மதிப்பெண் அட்டையே வேண்டாம். உறுதிமொழி அதிகாரி முன்னால கையெழுத்துப் போட்ட பத்திரம் போதும், இரண்டாம் நிலை, ஒரு ராண்டுக்கு 1.25. வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

பேருக்கு மட்டும் பங்கு எழுதி வச்சா அது பினாமி, இங்க 'ஃபிரன்டிங்'. 2013 திருத்தச் சட்டப்படி பத்து வருஷம் வரை சிறை, கம்பெனிக்கு வருஷ விற்பனையில 10 சதவீதம் வரை அபராதம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டம்மா, தன் பேர்ல பங்கு இருக்கறதையே விசாரணை வந்தப்பதான் தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்தம்மா அன்னிக்கு அழுத அழுகை இன்னும் என் கண்ணுல நிக்குது. பங்குச் சான்றிதழ், ஓட்டு, லாபப் பங்கு, பேங்க் கையெழுத்து நாலும் உங்க வீட்டம்மா கையில இருக்கணும். பத்து வருஷம் உழைச்சவங்களுக்கு இது இல்லாமலும் கொடுக்க வேண்டியதுதானே?

அட்டைப்பெட்டி:
கொடுத்திருக்கணும் அக்கா, தாமதம் என் தப்பு. நேத்து ராத்திரி பேசினேன். "ஓட்டு என் கையில வந்தா அந்த ரெண்டாவது அச்சு மிஷினை இந்த வருஷம் வாங்க விடமாட்டேன், சம்மதமா?"ன்னு கேட்டா. சம்மதம்னு சொன்னேன். திங்கட்கிழமை ரெண்டு பேரும் வக்கீலைப் பார்க்கப் போறோம். பங்கு மாற்றம் பிப்ரவரிக்குள்ள பதிவாகிடுமா தம்பி?

ஜோபர்க் கணக்குப்பிள்ளை:
ஆகும் அண்ணே. திங்கட்கிழமை போறப்ப பங்குப் பதிவேட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க.