ஐரிஷ் கிராண்ட் நேஷனல்: முப்பது குதிரைகளை எப்படி எடைபோடுவது?

காட்பாடி_வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா டப்ளினில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறார். ஈஸ்டர் திங்கட்கிழமையன்று, உடன் வேலை செய்பவர்களோடு மீத் மாவட்டத்திலுள்ள ஃபேரிஹவுஸ் மைதானத்துக்கு ஐரிஷ் கிராண்ட் நேஷனல் பார்க்கப் போகிறார். யாரும் பணம் கட்டப் போவதில்லை. ஆனால் ஆளுக்கு மூன்று குதிரைகளைச் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொல்ல வேண்டும் என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்களாம். அப்பாவோடு உட்கார்ந்து ரேஸ் புத்தகம் படித்தவன் என்பதால் அந்தப் பொறுப்பை அக்கா என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

அப்பா காட்பாடியில் ரயிலேறிக் கிண்டிக்குப் போய்ப் பந்தயம் பார்த்தவர். அவரிடம் நான் கற்றது முழுக்கச் சமதளப் பந்தயம்தான்: கடைசியாக ஓடிய சில பந்தயங்களின் நேரம், ஜாக்கி யார், எந்தத் தூரம் பழக்கம் என்பவற்றைப் பார்த்தாலே ஓரளவு முடிவுக்கு வந்துவிடலாம். இங்கே தூரம் 3 மைல் 5 ஃபர்லாங், அதாவது ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர். நம் நாட்டின் இந்தியன் டெர்பியே 2,400 மீட்டர்தான். இதில் இருபதுக்கும் மேற்பட்ட தடைகளைத் தாண்ட வேண்டும், முப்பது குதிரைகள் வரை ஓடலாம், ஒவ்வொன்றின் முதுகிலும் வெவ்வேறு பாரம். எனக்குத் தெரிந்த அளவுகோல்கள் இதற்குப் போதுமா? போதாதென்றால், பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்த்துக் குதிரைகளைக் கழிக்கத் தொடங்க வேண்டும்?

குடியாத்தம்_குமரன்

பந்தயச் சந்தையில் எந்தக் குதிரையின் மீது அதிகம் பணம் கட்டப்படுகிறதோ, அதாவது எது ஃபேவரிட்டோ, அதை ஒன்றாகவும், பயிற்சியாளர்கள் வில்லி மல்லின்ஸ், கோர்டன் எலியட் ஆகியோரின் குதிரைகளில் இரண்டாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அயர்லாந்தின் தடைதாண்டும் பந்தயங்களில் பெரும்பகுதி இந்த இருவரின் லாயங்களுக்கே போகிறது. 2017இல் 'அவர் டியூக்' (Our Duke) என்ற குதிரை ஃபேவரிட்டாக வந்து பதினான்கு குதிரை நீளத்தில் வென்றதே, அதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ராணிப்பேட்டைக்காரன்

குமரன் அவர்கள் சொல்லும் அவர் டியூக், அந்த இரு லாயங்களைச் சேர்ந்ததன்று. அதைப் பயிற்றுவித்தவர் ஜெசிகா ஹாரிங்டன். மல்லின்ஸ் அத்தனை ஆண்டுகள் அயர்லாந்தின் முதன்மைப் பயிற்சியாளராக இருந்தும் இந்தப் பந்தயத்தை முதன்முறையாக வென்றது 2019இல்தான், பரோஸ் செயின்ட் மூலம். எலியட் 2018இல் முப்பது குதிரைகளில் பதின்மூன்றைத் தாமே இறக்கினார். அவருடைய ஜெனரல் பிரின்சிபிள், மல்லின்ஸின் குதிரையை ஒரு தலை அளவில்தான் முந்தியது. ஒரே லாயத்திலிருந்து பதின்மூன்று வரும்போது, லாயத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க முயன்றால் நாம் தொடங்கிய இடத்திலேயேதான் நிற்போம்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். முதலில் மனத்தில் பதிய வேண்டியது, இது ஹேண்டிகேப் பந்தயம் என்பது. நம் பக்கத்துக் காளை விடும் விழாவில் குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நொடியில் கடந்த காளைக்குப் பரிசு. வேகமான காளைக்குத் திமிலில் மூட்டை ஏற்றி அனுப்புவதில்லை. இங்கே அதைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் ஆராய்ந்து, ஹேண்டிகேப்பர் எனப்படும் அதிகாரி பவுண்டுக் கணக்கில் ஒரு தரமதிப்பெண் கொடுக்கிறார். மதிப்பெண் கூடினால் முதுகில் பாரமும் கூடும். ஒரு ஸ்டோன் என்பது 14 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 6.35 கிலோ. மூன்று மைலுக்கு மேற்பட்ட பந்தயத்தில் ஒரு பவுண்டு பாரம் ஏறத்தாழ ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். ஆகவே எது நல்ல குதிரை என்ற கேள்விக்கு அந்த அதிகாரி ஏற்கெனவே விடை எழுதிவிட்டார். அந்த விடையின் விலைதான் பாரமாக முதுகில் ஏறியிருக்கிறது. நாம் தேட வேண்டியது, அவர் கண்ணுக்கு இன்னும் முழுமையாகத் தெரியாத திறமையை.

அப்படியிருந்தும் பாரத்தை மீறி வென்ற குதிரைகள் உண்டு. 1964இல் ஆர்க்கிள் 12 ஸ்டோன், அதாவது 76 கிலோவுக்கு மேல் சுமந்து ஓடியது. இரண்டாவதாக வந்த ஹைட் ஓ'ஃபேஷன் அதைவிட 30 பவுண்டு குறைவாகச் சுமந்தும், ஆர்க்கிள் ஒன்றேகால் நீளத்தில் வென்றது. ஆர்க்கிள் வந்தால் ஒரு பட்டியல், வராவிட்டால் வேறொரு பட்டியல் என்று இரண்டு பாரப் பட்டியல்களைத் தயாரிக்க வேண்டிய நிலைக்கு அதிகாரிகளைக் கொண்டுவந்த குதிரை அது. 1990இல் இங்கிலாந்திலிருந்து வந்த டெசர்ட் ஆர்க்கிட்டும் 12 ஸ்டோன் சுமந்துதான் வென்றது. அந்த வெண்சாம்பல் குதிரை கடைசித் தடையில் பலமாக இடித்துக்கொண்டும் நிலைதவறாமல் ஓடி முடித்ததை இன்றும் காணொளியில் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் இவை ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு பிறக்கும் குதிரைகள். பட்டியலின் உச்சியில் இருக்கும் குதிரை அந்த ரகமா என்று கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் தயங்காமல் கழித்துவிடலாம்.

மறைந்திருக்கும் திறமை பெரும்பாலும் எங்கே கிடைக்கிறது என்றால், பெருந்தடைகளைத் தாண்டத் தொடங்கி ஒரு பருவமே ஆன நாவிஸ் குதிரைகளிடம். அவர் டியூக், பரோஸ் செயின்ட், 2023இல் ஐ ஆம் மேக்சிமஸ், 2024இல் இன்டென்ஸ் ராஃபிள்ஸ், 2025இல் ஹைட்டி கூலோர் என்று அண்மைக் காலத்து வெற்றியாளர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். எல்லாமே வென்ற பருவத்தில் நாவிஸ்தான். சில ஓட்டங்களை மட்டுமே பார்த்து மதிப்பெண் போட வேண்டியிருப்பதால், நாவிஸின் உண்மையான உயரம் அந்த மதிப்பெண்ணில் முழுதாக இறங்கியிருப்பதில்லை. ஐ ஆம் மேக்சிமஸ் அடுத்த ஆண்டே லிவர்பூலின் எய்ன்ட்ரீயில் கிராண்ட் நேஷனலையும் வென்றது என்பதிலிருந்து, 2023இல் அதன் முதுகில் இருந்த பாரம் எவ்வளவு சலுகையானது என்று புரியும்.

ஆனால் வெறும் நாவிஸ் என்பது போதாது. இரண்டரை மைலில் மின்னல்போல ஓடி வென்ற நாவிஸ், மூன்றேகால் மைல் தாண்டியதும் காற்றுப் போன டயர்போல ஆகிவிடக்கூடும். மூன்று மைல் பந்தயத்தில் கடைசித் தடைக்குப் பிறகும் வேகம் குறையாமல், முடிவுக் கோட்டைத் தாண்டியும் ஓடத் துடித்த குதிரையா என்று காணொளியில் பாருங்கள். எத்தனையாவதாக வந்தது என்பதைவிட எப்படி முடித்தது என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஆம்பூர்_கால்நடை_மருத்துவர்

மேலே எழுதியவரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. அயர்லாந்தில் வசந்தகாலத்து மழையை நம்ப முடியாது. பந்தய வாரத்தில் மழை கொட்டினால் புல்தரை நொய்ந்து, ஒவ்வோர் அடியிலும் குளம்பு உள்ளே இறங்கி எழ வேண்டியிருக்கும். அங்கே வலிமையும் மூச்சும்தான் பேசும். மழை இல்லாவிட்டால் அதே மைதானம் விரைவாக ஓடும் குதிரைக்குச் சாதகமாக மாறிவிடும். 2021இல் வென்ற ஃப்ரீவீலின் டிலனை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் 150-க்கு-1 (ஒன்று கட்டி வென்றால் 150 கிடைக்கும்) என்று ஒதுக்கப்பட்டிருந்த குதிரை. இந்தப் பந்தய வரலாற்றில் அவ்வளவு பெரிய விலையில் வேறெந்தக் குதிரையும் வென்றதில்லை. அது நாவிஸும் அன்று, ஒன்பது வயதுக் குதிரை. ஆனால் முந்தைய ஆண்டின் கோடையில் கில்பெகனில் மிட்லண்ட்ஸ் நேஷனல் என்ற நெடுந்தூர ஹேண்டிகேப்பை வென்றிருந்தது. உலர்ந்த தரை, நெடுந்தூரம் என்ற இரண்டும் அதற்கு ஒத்துவரும் என்ற செய்தி பட்டியலிலேயே இருந்தும் எவரும் பொருட்படுத்தவில்லை. முன்னால் போய்த் தடைகளைச் சுத்தமாகத் தாண்டிக்கொண்டே இருந்தது, பிடிக்க ஆளில்லை. மறு ஆண்டு 40-க்கு-1 விலையில் வென்ற லார்ட் லேரியட்டும் அதே பயிற்சியாளர் டெர்மட் மெக்லாக்லினின் குதிரைதான். அவருடைய லாயம் மைதானத்துக்குப் பக்கத்து ஊரான ராட்டோத்தில் இருக்கிறது. அவருடைய தந்தை 1962இல் கெர்ஃபோரோ என்ற குதிரையில் இதே பந்தயத்தை வென்ற ஜாக்கி. ஆகவே சிறிய லாயம் என்று எதையும் தள்ளிவிட வேண்டாம்.

இன்னொன்று, ஓய்வு. ஈஸ்டர் ஆண்டுதோறும் இடம் மாறும். மார்ச் நடுவில் இங்கிலாந்தில் நடக்கும் செல்டன்ஹாம் பந்தய விழா அப்படி மாறுவதில்லை. 2024இல் ஈஸ்டர் திங்கள் ஏப்ரல் 1 அன்றே வந்துவிட்டதால், செல்டன்ஹாமில் கடுமையாக ஓடிய குதிரைக்கு மூன்று வாரம்கூட இடைவெளி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு வென்ற இன்டென்ஸ் ராஃபிள்ஸ் செல்டன்ஹாமுக்குப் போகாமல், ஃபேரிஹவுஸிலேயே இரண்டு பந்தயங்களை வென்றுவிட்டு வந்த ஆறு வயதுக் குதிரை. 2025இல் ஈஸ்டர் திங்கள் ஏப்ரல் 21. செல்டன்ஹாமில் நேஷனல் ஹன்ட் சேஸை வென்ற ஹைட்டி கூலோருக்கு ஏறக்குறைய ஆறு வாரம் கிடைத்தது. வேல்ஸிலிருந்து வந்து இங்கேயும் வென்றது. தசையில் ஏற்பட்ட நுண்ணிய சேதம் ஆறவும், இழந்த எடை திரும்பவும் அந்தக் கூடுதல் வாரங்கள் எவ்வளவு உதவும் என்பதை என் தொழிலில் அன்றாடம் காண்கிறேன். ஆகவே ஒரே செல்டன்ஹாம் முடிவை எல்லா ஆண்டும் ஒரே மாதிரி மதிப்பிடக் கூடாது. முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்.

ஃபேரிஹவுஸ் வலக்கைச் சுற்று (வலப்பக்கம் திரும்பி ஓட வேண்டிய மைதானம்), செல்டன்ஹாமும் லெப்பர்ட்ஸ்டவுன் மைதானமும் இடக்கைச் சுற்று என்பதையும் மறக்க வேண்டாம். தாண்டும்போது இடப்பக்கம் சாய்கிற குதிரை ஒவ்வொரு தடையிலும் சிறிது சிறிதாக வெளியே போய்விடும். இருபது தடைகளில் அது சேர்ந்து பெரிய இழப்பாகிவிடும்.

காட்பாடி_வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பாரம்தான் விலை என்றால், பட்டியலின் அடியில் மிகக் குறைந்த பாரத்தோடு நிற்கும் குதிரைகள் நமக்கு ஆதாயமல்லவா? அடுத்தது, குதிரையின் பெயருக்கு முன்னால் எண்களுக்கு நடுவே வரும் எழுத்துகள். கிண்டி ரேஸ் புத்தகத்தில் இத்தனை எழுத்துகளைப் பார்த்த நினைவில்லை.

ராணிப்பேட்டைக்காரன்

அடியில் இருப்பதெல்லாம் ஆதாயம் இல்லை தம்பி. எந்தக் குதிரையும் ஒரு குறைந்தபட்சப் பாரத்துக்குக் கீழே சுமக்க முடியாது என்று விதி இருக்கிறது. ஒரு குதிரையின் மதிப்பெண்படி அதற்குக் குறைந்தபட்சத்தைவிட ஐந்து பவுண்டு கீழேதான் கொடுக்க வேண்டும் என்றாலும், அது குறைந்தபட்சத்தையே சுமந்தாக வேண்டும். அதாவது தகுதிக்கு மேல் ஐந்து பவுண்டு. தாளில் இலேசாகத் தெரிவது உண்மையில் சுமை. ஆனால் உச்சியில் இருக்கும் குதிரை விலகிக்கொண்டால் மற்ற எல்லாவற்றின் பாரமும் சேர்ந்து மேலே ஏறும். அப்போது அடியில் இருந்தவை தம் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஆகவே இறுதிப் பட்டியல் வரும்வரை அந்தக் குதிரைகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

எழுத்துகளைப் பொறுத்தவரை, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வலக்கோடியில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். நடுவில் சிறு கோடு இருந்தால் அதற்கு முன்னால் இருப்பவை சென்ற பருவத்தைச் சேர்ந்தவை. எஃப் என்றால் குதிரை விழுந்தது, யூ என்றால் குதிரை விழவில்லை, ஜாக்கி மட்டும் விழுந்தார், பி என்றால் ஜாக்கியே பாதியில் நிறுத்திவிட்டார். நெருக்கமாக எஃப் வந்தால் நான் அந்தக் குதிரையைத் தொட மாட்டேன், ஏனென்றால் முப்பது குதிரைகள் நெருக்கியடித்து வரும் இந்தப் பந்தயத்தில் தாண்டல் தடுமாறினால் தப்பிக்க இடமில்லை. ஆனால் ஒரே ஒரு பி இருந்தால் கழித்துவிடாமல், அன்றைய தரை என்ன என்று தேடிப் பாருங்கள். உலர்ந்த தரை வேண்டிய குதிரையைச் சேற்றில் ஓட்டிப் பார்த்து நிறுத்தியிருக்கலாம்.

ஆம்பூர்_கால்நடை_மருத்துவர்

அக்கா நேரில் போவதால், நமக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு அவருக்கு உண்டு. பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்துக்குச் சற்று முன்கூட்டியே போய் நிற்கச் சொல்லுங்கள். பின்னங்கால்களுக்கு நடுவே சோப்பு நுரைபோல வெண்மையாக வியர்வை திரண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த நாளில் அப்படி இருந்தால், அந்தக் குதிரை பந்தயத்துக்கு வேண்டிய தெம்பைப் பதற்றத்திலேயே செலவழித்துக்கொண்டிருக்கிறது. தலையைத் தாழ்த்தி, காதுகளை முன்பக்கம் வைத்து, நீண்ட அடியெடுத்து அமைதியாக நடக்கும் குதிரைக்கு முன்னுரிமை கொடுக்கலாம். ஏற்கெனவே தேர்ந்தெடுத்த நான்கைந்து குதிரைகளுக்குள் மூன்றைப் பொறுக்குவதற்கு மட்டும் இது உதவும். முப்பதிலிருந்து கழிக்க இது போதாது.

காட்பாடி_வாசகன்

அப்படியென்றால் இப்படிச் செய்கிறேன். இறுதிப் பட்டியல் வந்ததும் உச்சிப் பாரக் குதிரையையும், தகுதிக்கு மேல் சுமக்கிறவற்றையும், அண்மையில் விழுந்தவற்றையும் கழித்துவிட்டு, மூன்று மைலில் திடமாக முடித்த நாவிஸ்களில் மூன்றை எடுத்து வைக்கிறேன். அவற்றில் ஃபேரிஹவுஸில் ஏற்கெனவே வென்றது எதுவும் இருந்தால் அதற்கே முதலிடம். மழை பெய்யாமலிருந்தால், உலர்ந்த தரையில் நெடுந்தூரம் வென்ற மூத்த குதிரை ஒன்றையும், பெய்தால் சேற்றில் வென்ற ஒன்றையும் நான்காவதாகச் சேர்த்து அக்காவுக்கு அனுப்புகிறேன். எந்த மூன்று என்பதை அவர் குதிரைகளை நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். பட்டியல் வந்ததும் பெயர்களை இதே இழையில் இடுகிறேன். அன்றைக்கு நேரம் இருந்தால் இருவரும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.